அண்ணாச்சியோடு குவாங்சோவில் சாப்பிட்ட அனுபவம்

கேன்டன் ஃபேருக்குக் கிளம்புகிற நம் ஊர் வியாபாரிகளின் பெட்டியைத் திறந்து பார்த்தால், துணிக்கு அடியில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா எல்லாம் இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரத்தில் 1957-இல் தொடங்கி, வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடந்து வருகிற கண்காட்சி அது. திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னை பாரிமுனையிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர், தங்கியிருக்கும் நாள் முழுக்க ஓட்டல் அறைக் கெட்டிலையே நம்பி இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ‘சாப்பிடுவதென்றால் குவாங்சோவில்தான்’ என்று சீனர்களே சொல்லும் ஊர் அது.

பொடியும் ஊறுகாயும் கொண்டு போவதில் தப்பே இல்லை. நாங்களும் கொண்டு போகிறோம். ஆனால் ஒரு காலையாவது, ஒரு மாலையாவது அந்த ஊரின் பழைய உணவகம் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் கொஞ்சம்தான்.

நான் சமையல் பாத்திர வியாபாரத்தில் இருக்கிறேன். கண்காட்சியின் இரண்டாம் கட்டத்தில்தான் சமையலறைச் சாமான்கள் வரும். ஏப்ரல் கடைசியிலோ அக்டோபர் கடைசியிலோ அது விழும். என்னோடு வருபவர் திருநெல்வேலிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அறுபதைத் தாண்டியவர், முட்டைகூடத் தொடாத சைவம். நான் எல்லாம் சாப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இரண்டு பேருமே வயிறு நிறைய எழுந்து வந்திருக்கிறோம். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் இது உதவும்.

முதலில் பிடிபட வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே சாப்பாடு மேசைக்கு வரும், ஆளுக்கு வராது. நமக்கு இலை என்றால் என் இலை, தட்டு என்றால் என் தட்டு. அங்கே வருவது எல்லாமே எல்லோருக்கும் பொது. உங்கள் முன்னால் இருப்பது ஒரு சின்னக் கிண்ணம், ஒரு சின்னத் தட்டு, ஒரு கோப்பை மட்டும். நடுவில் இருப்பதிலிருந்து கொஞ்சம் எடுத்து, சாப்பிட்டு, மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டும். தேநீர் ஊற்றுவது, ஆர்டர் கொடுப்பது, சாப்பிடும் ஜோடிக் குச்சியைப் பிடிப்பது, பில் கட்டுவது என்று அங்கே புதிதாகத் தோன்றும் வழக்கங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. சைவர்களுக்கு வருகிற சிக்கலும் இதிலிருந்துதான் வருகிறது.

எங்கே போவது? கண்காட்சி நடக்கும் பாசோ பக்கம் எல்லாம் புதுக் கட்டடங்கள். மெட்ரோ பிடித்து லிவான் பகுதிக்குப் போங்கள். அது பழைய ஊர். 1880-இல் தொடங்கிய தாவ் தாவ் ஜூ, 1935-இல் தொடங்கிய குவாங்சோ ரெஸ்டாரன்ட் இரண்டும் அந்தப் பக்கம்தான் உருவானவை. இன்று இவற்றுக்குப் பல கிளைகள் இருந்தாலும் பழைய இடத்துக்குப் போவது நல்லது. லிவான் ஏரியை ஒட்டித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற பான்ஷி இன்னும் அழகு. நிறக் கண்ணாடி பதித்த மர ஜன்னல், வெளியே தண்ணீர், உள்ளே ஒரே பேச்சுச் சத்தம். அமைதியான இடத்தில் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் தலை சுற்றும். கல்யாணப் பந்திச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு ஒன்றும் செய்யாது.

எந்த நேரத்தில் போவது என்று கேட்டால், முதல் தடவைக்குக் காலைதான் சரி என்பேன். ‘யம் ச்சா’ என்று அந்த ஊர்ப் பேச்சான கேன்டனீஸில் சொல்வார்கள், தேநீர் குடிக்கப் போவது. தேநீரோடு வரும் சின்னச் சின்னப் பலகாரங்கள்தான் டிம் சம். இரவு விருந்தில் பெரிய பெரிய தட்டுகள் வரும், விலையும் ஏறும், என்ன வருகிறது என்று புரிவதற்குள் மேசை நிறைந்துவிடும். காலையில் எல்லாமே சின்ன மூங்கில் கூடையில் வரும். பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டம் குறைவு. அதோடு அந்த ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கலாம். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த தாத்தா, செய்தித்தாளோடு வந்தவர், பழைய சிநேகிதிகள் நான்கைந்து பேர் சேர்ந்த மேசை என்று உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பானை தேநீரும் இரண்டு பலகாரமும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். நீங்களும் அவசரப்பட வேண்டியதில்லை.

உட்கார்ந்ததும் இரண்டு கேள்வி வரும். எத்தனை பேர், என்ன தேநீர். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது பில்லில் இருக்கும். பார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் உண்டு. போ லே என்று சொன்னால் கறுப்பான, மண் வாசனை அடிக்கிற பூஆர் தேநீர் வரும். கொழுப்புப் பண்டங்களுக்கு அதைத்தான் அங்கே விரும்புகிறார்கள். மல்லிகைத் தேநீர், தியே குவான் யின், செவ்வந்திப் பூத் தேநீர் என்று இன்னும் இருக்கின்றன. அண்ணாச்சி செவ்வந்திதான் கேட்பார். பாலும் சர்க்கரையும் கிடையாது என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

தேநீர் வந்ததும் பக்கத்து மேசையைக் கவனியுங்கள். முதல் ஊற்றைக் குடிக்க மாட்டார்கள். கிண்ணத்துக்குள் கோப்பையை நிறுத்தி, சூடாகத் தேநீரையோ வெந்நீரையோ ஊற்றி, குச்சியால் கோப்பையை மெல்ல உருட்டி அலம்புவார்கள். குச்சி முனையையும் கரண்டியையும் அதிலேயே நனைத்து, அந்தத் தண்ணீரை மேசையில் வைத்திருக்கும் வட்டச் சட்டியில் கொட்டுவார்கள். பாத்திரங்கள் சுத்தமாகத்தான் வருகின்றன, ஆனாலும் குவாங்சோக்காரர்கள் இதை விடுவதில்லை. அண்ணாச்சி இதை முதல் தடவை பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பி, இவங்க நம்மள மாதிரித்தான், எதுவானாலும் ஒரு தடவ அலசிட்டுத்தான் வாயில வைப்பாங்க போல” என்றார். அன்றிலிருந்து அந்த ஊர் மேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. எங்கள் இருவருக்குமான பாத்திரங்களை அவரே அலம்பித் தருவார்.

அடுத்து ஊற்றுவது. தன் கோப்பைக்கு முதலில் ஊற்றிக்கொள்வது மரியாதை இல்லை. மேசையில் பெரியவருக்கு முதலில், பிறகு மற்றவர்களுக்கு, கடைசியில் தனக்கு. உங்களுக்கு யாராவது ஊற்றினால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் மெல்ல இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். அதுதான் நன்றி. பேச்சை நிறுத்த வேண்டியதில்லை, தலையைத் திருப்ப வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சியான்லோங் சக்கரவர்த்தி மாறுவேடத்தில் ஊர் சுற்றும்போது தன் சேவகனுக்கே தேநீர் ஊற்றினாராம். விழுந்து வணங்கினால் வேஷம் கலைந்துவிடும் என்று சேவகன் விரல்களை மடக்கி மேசையில் வணங்கினானாம். இப்படி ஒரு கதை சொல்கிறார்கள். கதை இருக்கட்டும், இந்தச் சின்னத் தட்டலுக்குக் கிடைக்கிற வரவேற்பை அனுபவித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தொழிற்சாலை முதலாளி ஊற்றும்போது அண்ணாச்சி தட்டினார். அந்த மனிதர் முகம் மலர்ந்து, மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதற்கு அப்புறம்தான் விலைப் பேச்சே இலகுவாகப் போனது.

பானையில் தண்ணீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைக் கொஞ்சம் திறந்து சாய்த்து வைத்தால் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். பல இடங்களில் இப்போது மேசையிலேயே மின் கெட்டில் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் பொதுவாகத் தருவதில்லை. குடிப்பதற்கும் வெந்நீர்தான்.

வண்டியில் கூடைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வருகிற வழக்கம் இப்போது அபூர்வம். ஒரு சீட்டில் டிக் அடிக்க வேண்டும், இல்லையென்றால் போனில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுக்க வேண்டும். விலை பண்டத்துக்குப் பண்டம் இருக்காது. சிறியது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று வகை வகையாகப் பிரித்து வகைக்கு ஒரு விலை வைத்திருப்பார்கள். கூடைக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு உருப்படி இருக்கும். எனவே இரண்டு பேர் என்றால் முதலில் மூன்று கூடை சொல்லுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொன்னால் எல்லாம் ஒன்றாக வந்து ஆறிப்போகும். டிம் சம் ஆறினால் பாதி ருசி போய்விடும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நான் சொல்வது: ஹார் காவ் கட்டாயம். இறாலை உள்ளே வைத்து, கோதுமை ஸ்டார்ச் மாவை மெல்லியதாகத் தட்டி மடித்து ஆவியில் வேகவைத்தது. தோல் வழியாக இறாலின் ரோஸ் நிறம் தெரிய வேண்டும். குச்சியால் எடுக்கும்போது கிழியக் கூடாது, பல்லில் ஒட்டவும் கூடாது. ஒரு கடையின் கைப்பக்குவத்தை அந்த ஊர்க்காரர்கள் இதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அப்புறம் ச்சோங் ஃபன். அரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆவியில் வேகவைத்து, சுருட்டி, வெட்டி, மேலே இனிப்பான சோயா சாஸ் ஊற்றித் தருவார்கள். வீட்டில் இலை வடாம் போடும்போது காயவைக்கும் முன்பே ஒன்றிரண்டைச் சுடச்சுட எடுத்துத் தின்றிருக்கிறீர்கள் என்றால், அந்த வழவழப்பும் அந்த மணமும் அப்படியே இதில் இருக்கும். கோழிக்கால் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். முதலில் எண்ணெயில் பொரித்து, பிறகு ஊறவைத்து, புளித்த கறுப்பு பீன்ஸ் சேர்த்து ஆவியில் வேகவைத்திருப்பார்கள். சதை எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். எலும்பைக் கிண்ணத்துக்குள் போடாமல் சின்னத் தட்டில் வையுங்கள். தட்டு அதற்குத்தான்.

மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சியூ மாய் என்ற ஆவிப் பலகாரம், சார் சியூ பாவ் என்ற பன் இரண்டிலும் பன்றி உண்டு. இறால் பண்டத்தில்கூடக் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு கலப்பது பழைய முறை. முஸ்லிம் நண்பர்கள் பொதுவான டிம் சம் கடைகளைத் தவிர்த்துவிட்டு ஹலால் கடைகளைத் தேடிப் போவார்கள். குவாங்சோவில் அதற்குப் பஞ்சமில்லை. மிகப் பழமையான ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் இருக்கிற ஊர் அது. சியாவ்பெய் பகுதியிலும் லான்ஜோ நூடுல்ஸ் கடைகளிலும் ஹலால் உணவு கிடைக்கும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேன்டனீஸ் சமையலறையில் கடலை எண்ணெய் சாதாரணமாகப் புழங்குவது.

இனி சைவம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஆட்கள் பயந்து ஒதுங்குவது இதனால்தான், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

சைவர்களுக்குச் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியில் இல்லை. அதை யாரும் தவிர்த்துவிடலாம். கீரையில்தான் சிக்கல். பச்சைப் பசேலென்று தெளிந்த ரசத்தில் கீரை வரும். அந்த ரசம் கோழியும் பன்றியும் ஹாமும் மணிக்கணக்கில் கொதித்து எடுத்தது. காய் லான் என்ற தண்டுக்கீரை வகையை வெறுமனே வேகவைத்துத்தான் தருவார்கள், ஆனால் மேலே ஊற்றுவது ஆய்ஸ்டர் சாஸ், சிப்பியைக் காய்ச்சி எடுத்தது. 1888-இல் இதே குவாங்டாங் மாகாணத்தில் பிறந்த சாஸ் அது, அந்த ஊர்ச் சமையலறையில் அது இல்லாமல் வேலை நடக்காது. முள்ளங்கிக் கேக் என்று எழுதியிருக்கும், உள்ளே சீனத் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் இருக்கும். டோஃபுவைக் குடைந்து மீன் விழுதோ இறைச்சியோ அடைத்திருப்பார்கள். வெறும் பன் மாவில்கூடப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்கிறது. முட்டை டார்ட்டின் மேலோட்டிலும் அப்படித்தான். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு மீதியைத் தருவார்கள். அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்காக நாங்கள் ஒரு அட்டை தயார் செய்தோம். சீன மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி, லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். அதில் இருப்பது இதுதான்: இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை வேண்டாம். இறைச்சி வேகவைத்த சாறு, பன்றிக் கொழுப்பு, ஆய்ஸ்டர் சாஸ், கோழித் தூள் வேண்டாம். பால், பூண்டு, வெங்காயம் சேர்க்கலாம். கடைசி வரி முக்கியம். அங்கே முழுச் சைவம் என்று கேட்டால் பௌத்தச் சைவம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். அதில் பூண்டும் வெங்காயமும் கிடையாது. சப்பென்று இருக்கும். அந்த ஒரு வரி சேர்ந்த பிறகு அண்ணாச்சியின் தட்டில் பூண்டு தாளித்த கீரை வர ஆரம்பித்தது.

வாயால் சொல்ல வேண்டும் என்றால் சீனாவின் பொது மொழியான மாண்டரினில் ‘வோ ச்சி சூ’. குவாங்சோவில் வயதான பணியாளர்களிடம் கேன்டனீஸில் ‘ஸிக் ஜாய்’ என்று சொன்னால் இன்னும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். காரணம், சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பல பெரியவர்கள் சைவம் சாப்பிடுகிறார்கள். முதல் நாள் என்பது அமாவாசை, பதினைந்து ஏறக்குறைய பௌர்ணமி. இதை நான் சொன்னபோது அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அப்போ இவங்க வீட்லயும் அமாவாசைக்குச் சட்டிய கழுவி வைப்பாங்க” என்றார். ஒரு கடையில் ஐம்பது வயதுப் பணிப்பெண் ஒருவர் அட்டையை வாசித்துவிட்டு, தன் அம்மாவும் இப்படித்தான் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். காட்டிவிட்டு அவரே அடுக்களைக்குள் போய்ச் சொல்லி, எண்ணெய் மாற்றிக் கீரை வதக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

என்னென்ன கேட்கலாம்? பூண்டு போட்டு வதக்கிய சோய் சம் கீரை. புளித்த டோஃபு போட்டு வதக்கிய தண்ணீர்க் கீரை, இது உண்மையில் பிரமாதமாக இருக்கும். ஒன்றும் சேர்க்காத வெள்ளைக் கஞ்சி, அதோடு தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சி. எதுவும் அடைக்காத ச்சோங் ஃபன். எல்லாவற்றையும் அட்டையைக் காட்டி ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். நூடுல்ஸ் என்றால் முட்டை நூடுல்ஸ் வந்துவிடும், அரிசி சேவை கேளுங்கள். இனிப்புக்கு இஞ்சிச் சாறு விட்ட டோஃபு பாயசம்.

அப்புறம் இஞ்சிப் பால். இது குவாங்சோவின் தெற்கே பன்யூ பகுதியின் ஷாவான் ஊருக்குப் பேர் போனது. கிண்ணத்தில் இளசல்லாத இஞ்சியின் சாறு ஒரு கரண்டி இருக்கும். சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பாலைக் கொஞ்சம் ஆறவிட்டு, உயரத்திலிருந்து ஒரே மூச்சில் அதில் ஊற்றுவார்கள். கிளறக் கூடாது, அசைக்கக் கூடாது. சில நிமிடத்தில் பால் தானாக உறைந்து, மேலே கரண்டியை வைத்தால் தாங்கும். முட்டை, ஜெலட்டின் எதுவும் கிடையாது. இஞ்சியில் இருக்கிற நொதிதான் பாலை உறையவைக்கிறது. கொதிக்கிற பாலை ஊற்றினால் அந்த நொதி செத்துவிடும், ஆறிய பாலில் வேலை செய்யாது, சுமார் 70 டிகிரியில் ஊற்ற வேண்டும். அண்ணாச்சி முன்னாலேயே ஊற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து செய்தும் பார்த்திருக்கிறார். முற்றிய இஞ்சியும் கொழுப்புள்ள பாலும் இருந்தால் நம் ஊரிலும் உறைகிறது. இதே வரிசையில் இன்னொரு பால் இனிப்பு இருக்கும், மேலே ஆடை படிந்தது. அதில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. பார்க்க இரண்டும் ஒன்று போல இருக்கும், பெயரைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களும் ஒரு வழி. லியூரோங் கோயில், அதாவது ஆறு ஆலமரக் கோயில் பக்கம் போனால் விசாரித்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே சோயாவிலும் கோதுமைப் பசையிலும் மீன், வாத்து, கறித் துண்டு போலவே செய்து வைப்பார்கள். தோல் வரை அச்சு அசலாக இருக்கும். அண்ணாச்சிக்கு அதை வாயில் வைக்க மனம் வரவில்லை. சைவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மாலை விருந்து வேறு மாதிரி. சரக்கு வாங்கும் தொழிற்சாலைக்காரர் கூப்பிட்டால் பெரும்பாலும் தனி அறை, நடுவில் சுழலும் கண்ணாடி வைத்த வட்ட மேசை. வாசலைப் பார்த்து இருக்கிற நாற்காலி முக்கியமானவருக்கு. அவர்கள் உட்காரச் சொல்லும் வரை நில்லுங்கள். முதலில் குளிர்ந்த பதார்த்தங்கள், பிறகு நீண்ட நேரம் கொதித்த சூப், அதன் பின் கோழி, மீன், கீரை. சோறோ நூடுல்ஸோ கடைசியில்தான் வரும். சோற்றுக்காகக் காத்திருந்தால் பட்டினிதான். பழத்தட்டு வந்துவிட்டால் விருந்து முடிந்தது என்று அர்த்தம்.

குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதை அது நினைவுபடுத்தும். குவாங்சோவில் பல உணவகங்களில் ஆளுக்கு இரண்டு ஜோடிக் குச்சி, வேறு வேறு நிறத்தில் வைத்திருப்பார்கள். ஒன்று பொதுத் தட்டிலிருந்து எடுக்க, மற்றது வாயில் வைக்க. முழு மீன் வந்தால் ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போடக் கூடாது. மீனவர்களுக்கு அது படகு கவிழ்வது. நடு முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுவார்கள். குச்சி வராவிட்டால் கரண்டி கேளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

விருந்தில் அண்ணாச்சிக்கு என்ன செய்தோம் என்றால், முந்தின நாளே அந்த அட்டையைப் படம் எடுத்து, அங்கே எல்லோரும் வைத்திருக்கும் வீசாட் ஆப்பில் அனுப்பிவிட்டோம். அவருடைய பதார்த்தங்கள் சுழல் மேசையில் ஏறவே இல்லை, நேராக அவர் முன்னால் வந்தன. பொதுக் குச்சி எல்லாத் தட்டிலும் போய் வரும் அல்லவா, அந்தக் கவலை அதோடு தீர்ந்தது. இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் மிகவும் பிரியமாகச் செய்கிறார்கள். விருந்தாளி சாப்பிடாமல் எழுந்தால் அவர்களுக்குத்தான் பெரிய மனக்குறை.

குடிப்பழக்கம் இல்லாதவர்களும் பயப்பட வேண்டாம். ‘மதுவுக்குப் பதில் தேநீர்’ என்று சொல்லித் தேநீர்க் கோப்பையை உயர்த்துவது அங்கே ஏற்றுக்கொண்ட வழக்கம். பெரியவரோடு கோப்பை முட்டும்போது உங்கள் கோப்பையின் விளிம்பு அவருடையதற்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும்.

கடல் உணவு வாங்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நீந்தும் மீனுக்கு, நண்டுக்கு எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு இருக்காது, ‘ஜின்’னுக்கு இருக்கும். சீனாவில் ஒரு ஜின் 500 கிராம். சில இடத்தில் ‘லியாங்’ கணக்கில் எழுதியிருப்பார்கள், அது 50 கிராம். ஓட்டலுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் வட இந்திய வியாபாரிகள் நான்கு பேர், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கில்தான் நெடுநேரம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எடை போட்டதும் மொத்தம் எவ்வளவு என்று கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சம்மதம் என்ற பிறகே அடுக்களைக்குப் போகட்டும்.

பணம் கட்டுவது இப்போது சுலபம். போனில் பணம் கட்டும் ஆப்களான அலிபேயிலும் வீசாட் பேயிலும் 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டுகளை இணைத்துக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள், ஓடிபி வருவதற்கு நம் சிம் தேவைப்படும். கையில் கொஞ்சம் யுவானும் இருக்கட்டும். டிப்ஸ் கிடையாது. கூகுள் மேப்பும் கூகுள் மொழிபெயர்ப்பும் அங்கே சாதாரண இணைப்பில் வேலை செய்யாது. மொழிபெயர்ப்பு ஆப் எதுவானாலும் சீன மொழியை இங்கேயே இறக்கி வைத்துக்கொண்டு போக வேண்டும்.

விருந்துக்கு அழைத்தவர்தான் பில் கட்டுவார். நம் பங்கு என்று பணத்தை நீட்டினால் அவர் மனம் வருந்தும். ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பதிலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு காலை அவரை யம் ச்சாவுக்கு நீங்கள் அழைக்கலாம். விருந்தோடு பார்த்தால் செலவு குறைவு, மரியாதையும் நிறைவு. எங்களை இரண்டு வருடம் கடனுக்குச் சரக்கு அனுப்பும் அளவுக்கு நம்பிய ஒரு குடும்பத்தோடு பழக்கம் வளர்ந்தது அப்படிப்பட்ட காலை நேரங்களில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். குடும்பம் குடும்பமாக வருவார்கள், வாசலில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். வார நாளில் எட்டு மணிக்கு முன் போனால் மேசை உடனே கிடைக்கும். மிச்சம் இருந்தால் ‘தா பாவ்’ என்று சொல்லுங்கள், டப்பாவில் கட்டித் தருவார்கள். அன்று மதியம் கண்காட்சி அரங்கில் வரிசையில் நின்று சாப்பாடு தேட வேண்டிய வேலை மிச்சம்.